அக்கா ராவிய ஷாஃப்ட்

இந்த மலரைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்த்திருப்பீர்கள். பட்டுப்புடவை கட்டி, தலை நிறைய பூ வைத்து, ஸ்டூடியோவில் எடுத்த படம் அக்காவுக்கு இல்லாமல் இல்லை. என் வீட்டு அலமாரியிலேயே ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு, கொல்லைப்புறத்தில் ஒரு மோட்டாருக்குப் பக்கத்தில், கையில் அரத்தோடு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டிருக்கிறோம். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே போன் வந்துவிட்டது. "இன்னாம்மா இது, நினைவு மலரா, ஒர்க்‌ஷாப் காலண்டரா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

நான் அக்காவுக்கு ஒரே தங்கை. விரிஞ்சிபுரத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. உயிரோடு இருந்தவரை அக்காவை நான் "ர்" போட்டுப் பேசியது கிடையாது. "ஏய், போடி" என்று அவர் சொல்வதும், "நீ போ" என்று நான் சொல்வதும்தான் எங்கள் பேச்சு. மலரில் மரியாதையாக எழுத வேண்டும் என்று ஆயர் சொன்னார், எழுதுகிறேன். அக்கா படித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். சிரிக்கட்டும்.

அக்கா பிறந்தது திமிரிக்குப் பக்கத்தில். அப்பா கடலைக் காட்டில் கூலி வேலை, அம்மா சபைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. பத்தாவது வரை படித்தார். நன்றாகவும் படித்தார். ஆனால் ஊரில் அவருக்குக் கிடைத்த பெயர் "சொன்ன பேச்சு கேட்காத பொண்ணு" என்பதுதான். கிறிஸ்துமஸ் நாடகத்தில் எல்லாப் பெண்களும் தேவதூதர்களாக நிற்க, இவர் மட்டும் மேய்ப்பனாகத்தான் வருவேன் என்று கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேய்ப்பனாகவே வந்தார். அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும் நம் எல்லாருக்கும்.

கல்யாணமாகி மாதனூர் வந்தார். மாமா, அதாவது அக்காவின் கணவர், ஷூ கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிந்தும் விடியாததுமாக ஊர் ஊராகப் போய் வேலைக்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. அதே பஸ்ஸில் ஏறி அக்காவும் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தார். அப்பர் தைக்கிற லைனில் போட்டார்கள். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோல் துண்டுகளை ஒன்றோடு ஒன்று வைத்து, ஊசி பிசகாமல் வளைத்து வளைத்துத் தைக்க வேண்டும். ஒரு தையல் கோணலாகப் போனாலும் தோலில் ஓட்டை விழுந்துவிடும், பிரித்துத் தைக்க முடியாது. அக்காவுக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. "துணின்னா மன்னிக்கும்டி, தோலு மன்னிக்காது" என்பார் பெருமையாக.

மாமா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். மகள் எஸ்தர் அப்போது சின்னப் பெண். மாமாவின் அம்மா, எங்களுக்கு அத்தை, இடுப்பு ஒடிந்து படுக்கையில் இருந்தார். அத்தைக்கு மூத்த மகன் ஒருவர் உண்டு. நாங்கள் எல்லாரும் பெரிய மாமா என்று கூப்பிடுகிறோம். ஊரின் நடுவில் பெரிய வீடு, அதற்குப் பின்னால் ஷெட் போட்டு, கம்பெனிகளிலிருந்து அப்பர் வாங்கி வந்து பெண்களை வைத்துத் தைத்துக் கொடுக்கிற தொழில். பெற்ற தாயை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள மட்டும் அந்தப் பெரிய வீட்டில் இடம் இல்லை. நான் யாரையும் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மாமாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த வாரத்திலேயே பேச்சு ஆரம்பித்தது. முதல் பேச்சு வளையல். "புருஷன் போய்ட்டான், இன்னும் இன்னாத்துக்குக் கை நிறைய?" என்று ஒரு சித்தி கேட்டார். "கிறிஸ்தவங்க வீட்டுல இதெல்லாம் ஏது சித்தி?" என்று கேட்டுவிட்டு அக்கா இன்னும் கொஞ்சம் சத்தமாகவே குலுங்கக் குலுங்க நடந்தார். இரண்டாவது பேச்சுதான் பெரியது. பெரிய மாமா வந்து உட்கார்ந்து சொன்னார்: "நீ தனியா இந்த ஊட்ல இருக்க வேணாம்மா. கம்பெனிக்கும் போவ முடியாது, அம்மாவை யார் பாக்குறது? எல்லாரும் நம்ம ஊட்டுக்கு வந்துருங்க. பின்னால ரூம் இருக்கு. ஷெட்ல தைக்கலாம். இந்த ஊட்டைக் காலி பண்ணா வாடகைக்கு வுடலாம்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அங்கிருந்த எல்லாரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். அக்கா ஆட்டவில்லை.

"இந்த ஊடு நானும் அவரும் மாத்தி மாத்தி செங்கல் சுமந்து கட்டினது மாமா. நான் இங்கியே இருக்கேன். அத்தையையும் நானே பாத்துக்கறேன். தைக்கறதும் இங்கியே தைச்சுக்கறேன்" என்றார்.

"இங்கியேன்னா? கால் மிஷின்லயா தோலு தைப்ப?" என்று பெரிய மாமா சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அக்காவோடு லைனில் தைத்தவர் நசீமா. நான் அவரை ஆபா, அதாவது அவர்கள் பாஷையில் அக்கா, என்றே கூப்பிடுவேன். நசீமா ஆபாவின் வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் பழைய இரும்புக் கடை. கம்பெனி ஒன்று பழைய மிஷின்களைக் கழித்துப் போட்டபோது, தோல் தைக்கிற மிஷின் ஒன்று அந்தக் கடைக்கு வந்தது. அக்கா காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கினார். மேஜையோடு, புல்லியோடு, பெல்ட்டோடு நல்ல மிஷின். ஆனால் அதனோடு வந்த மோட்டார் ஃபாக்டரி கரண்டில் ஓடுவது, த்ரீ ஃபேஸ். வீட்டுக் கரண்டில் அது முனகுமே தவிரச் சுற்றாது. அதனால் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டிக்கொண்டிருந்த வேறொரு மோட்டாரை ஆபாவின் வீட்டுக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக் கரண்டில் ஜோராக ஓடியது.

ஓடி என்ன பிரயோஜனம்? மோட்டாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதே இரும்புத் தண்டு, ஷாஃப்ட், அதில்தான் புல்லியை, பெல்ட் ஓடுகிற சக்கரத்தை, மாட்ட வேண்டும். புல்லியில் பெல்ட், பெல்ட்டில் மிஷின். இந்த மோட்டாரின் ஷாஃப்ட் கனம். புல்லியின் ஓட்டை சிறியது. உள்ளே போகவே இல்லை. லேத்தில் கொடுத்து ஷாஃப்டைக் கொஞ்சம் கடைந்து மெலிய வைத்தால் முடிந்தது, ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை என்றார் ஆபாவின் வீட்டுக்காரர்.

அக்கா மோட்டாரை ஆட்டோவில் வைத்துக்கொண்டு லேத் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன், பள்ளிக்கூடம் லீவு. கடைக்காரர் மோட்டாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "நாளைக்கு வாங்கக்கா" என்றார். நாளைக்குப் போனால் கரண்ட் இல்லை. அதற்கடுத்த நாள் ஆள் இல்லை. கடைசியில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடை வாசலில் நின்றுவிட்டார். "இன்னா விஷயம், நேராச் சொல்லுப்பா. முடியுமா முடியாதா?"

அவர் பாவம், நெளிந்தார். "பெரியவர் சொல்லிட்டாருக்கா. உங்க வேலை செய்யக்கூடாதுன்னு. எனக்கு அவர் ஷெட்டு வேலைதான் ஜாஸ்தி வருது. எனக்கு இன்னாத்துக்கு உங்க குடும்பப் பேஜாரு?"

அடுத்த கடையிலும் அதே பதில். ஆம்பூர் போனோம், அங்கேயும் பெரிய மாமாவின் பெயருக்கு முன்னால் லேத் ஓடவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதுவிட்டேன். பிடிவாதம் பிடிக்காதே, பெரிய வீட்டுக்கே போய்விடலாம் என்றுகூடச் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"லேத்துல இன்னாடி நடக்குது? இரும்பு சுத்துது, உளி அப்படியே நிக்குது. அவ்ளோதானே? என் மோட்டார் தானா சுத்துதே! அப்புறம் எனக்கு எதுக்கு லேத்து?"

எனக்குப் புரியவில்லை. ஆட்டோக்காரருக்குப் புரிந்துவிட்டது, கண்ணாடியில் பார்த்து, "யக்கா, கை பத்திரம்" என்றார்.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு கனமான பலகை, அதில் மோட்டாரை போல்ட் போட்டு முடுக்கினார். இரும்புத்தூள் மோட்டாருக்குள் போகாமல் இருக்க, தோலில் வட்டமாக வெட்டி நடுவில் ஓட்டை போட்டு மோட்டாரின் முகத்தில் சொல்யூஷன் தடவி ஒட்டினார். முடியைத் தூக்கிக் கட்டினார். முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்தார். சுற்றுகிற இரும்பு பக்கத்தில் வளையல் ஆகாது என்பதுதான் காரணம். ஊரே சொல்லியும் கழற்றாததை மோட்டாருக்காகக் கழற்றினார். வேலி ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களிடம், "வேலை முடிஞ்சதும் போட்டுக்குவேன்" என்று கூவிச் சொன்னார். போட்டுக்கொண்டார்.

ஸ்விட்சைப் போட்டதும் ஷாஃப்ட் சுற்றியது. அக்கா அரத்தை இரண்டு கையாலும் பிடித்து அதன் மேல் மெல்ல வைத்தார். கீச்சென்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசியது. பொடிப்பொடியாக இரும்புத்தூள் கொட்டியது. கொஞ்சம் ராவுவது, நிறுத்துவது, புல்லியை வைத்துப் பார்ப்பது, மறுபடி ராவுவது. சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். அழுத்தினால் அரம் துள்ளும், விட்டால் ராவாது. முதலில் நுனி மட்டும் மெலிந்தது, புல்லி நுனியில் ஏறி நடுவில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்ற ஒரு பாடு. அப்புறம் உள்பக்கம் ராவினார். சிக்குகிறதே, சிக்குகிறதே என்று ராவி ராவி, ஒரு கட்டத்தில் புல்லி சரக்கென்று உள்ளே போயிற்று. நான் கை தட்டினேன். அக்கா புல்லியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். லொடலொடவென்று ஆடியது. ஜாஸ்தியாக ராவிவிட்டார்.

இரும்பை ராவி எடுத்துவிடலாம், திரும்ப ஒட்ட முடியாதே. வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அக்கா உட்காரவில்லை. தோல் வேலைக்காரர் என்ன செய்வாரோ அதைச் செய்தார். நம் பக்கத்து ஆட்களுக்கு எது ஆடினாலும் தோல், எது ஒழுகினாலும் தோல், கதவு இடித்தாலும் ஒரு தோல் துண்டு. மெல்லிசாகச் சீவிய நல்ல தோல் ஒரு பட்டை எடுத்து, சொல்யூஷன் தடவி ஷாஃப்டைச் சுற்றி ஒட்டினார். காய்ந்ததும் புல்லியைத் தட்டி ஏற்றினார். அச்சு வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஓட்டிப் பார்த்தோம், அருமையாக ஓடியது. ஆனால் தைத்துப் பார்க்கவில்லை. தைக்கிற தோல் இன்னும் வந்து சேரவில்லை என்பதால் வெறுமனே ஓட்டித்தான் பார்த்தோம். அதுதான் தப்பு.

இதற்குள் நசீமா ஆபா கம்பெனியில் பேசி ஒரு வேலை பிடித்துவிட்டார். மாதிரிக்குச் சில ஜோடி தைத்துத் திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் கொடுத்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் மாசாமாசம் வேலை வரும். பிடிக்காவிட்டால் அந்த வேலை வழக்கம்போல பெரிய மாமாவின் ஷெட்டுக்குப் போகும். "சொதப்பிடாதே தோஸ்து, நான் என் பேரை வெச்சிருக்கேன்" என்று ஆபா படித்துப் படித்துச் சொன்னார். அக்காவுக்கு அது மாதச் சம்பளம் மட்டும் இல்லை. அது வந்தால் தன் வீடு. வராவிட்டால் பெரிய வீட்டின் பின்கட்டு.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆயரும் சபையாரும் வீட்டுக்கு வந்தார்கள். புது மிஷின் வைத்தால் நம் வீடுகளில் ஜெபம் பண்ணித்தானே ஆரம்பிப்போம். பெரிய மாமாவும் வந்தார். கூப்பிட்டிருந்தோம், வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆயர் நீளமாக ஜெபித்தார், ஆமென் சொன்னோம், அக்கா மிஷினில் உட்கார்ந்து, வெட்டி வந்திருந்த தோல் துண்டுகளை ஊசிக்கடியில் வைத்து மோட்டாரைப் போட்டார். நாலு தையல் அழகாக விழுந்தது. கை தட்டினார்கள். தோல் இரண்டு மடிப்பாக வந்த இடத்தில் மிஷின் திணறியது. மோட்டார் சுற்றுகிறது, புல்லி நிற்கிறது, நடுவில் மாட்டிய தோல் பட்டை உராய்ந்து உராய்ந்து சூடேறிப் புகைந்தது. முடி கருகுகிற நாற்றம் வீடெல்லாம் பரவியது. உள் அறையில் படுத்திருந்த அத்தை சத்தமாகக் கேட்டார்: "இன்னாடி, ஆட்டுத்தலை வாட்றீங்களா?"

சிரிக்காதவர்கள் யாரும் இல்லை. நானே சிரித்துவிட்டேன். அக்கா ஸ்விட்சை நிறுத்தினார்.

பெரிய மாமா எழுந்தார். "நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஜெபம் பண்ணிப் போட்ட மிஷினே புகையுது. கர்த்தருக்கே புடிக்கல பாரும்மா. நாளைக்கு ஆள் அனுப்பறேன், மிஷினைத் தூக்கி ஷெட்டுல போட்டுக்கலாம். நீங்களும் வந்துருங்க."

அக்கா திரும்பினார். புகையும் புல்லியைக் காட்டினார்.

"கர்த்தர் ஒண்ணும் சொல்லல மாமா. தோலு கருகிச்சு. அவ்ளோதான்."

இந்த வார்த்தையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இன்று இந்த மலரைக் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும். பெரியவர் முன்னால் இப்படிப் பேசலாமா என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பேசினீர்கள். பேசலாம் என்பதுதான் என் பதில்.

எல்லாரும் போன பிறகு ஆயர் மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றார். அக்கா அவரிடம் போய், "ஐயா, ஞாயித்துக்கிழமை இரும்பு ராவுனா பாவமா?" என்று கேட்டார். ஆயர் செருப்பைத் தேடுவதை விட்டார். பிறகு வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பாவமா இல்லையான்னு சாயங்காலம் பாத்துக்கலாம். இப்ப எங்க புடிக்கணும், சொல்லும்மா" என்றார்.

நசீமா ஆபாவுக்கு போன் போட்டேன். கடையில் தேடி ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரரின் வண்டியில் வந்து இறங்கினார். கருகிய தோலைச் சுரண்டி எடுத்தோம். ஷாஃப்ட் திரும்பிவிடாமல் ஆயர் குறடால் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அக்கா அதில் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாக ராவினார். புல்லியில் இருக்கிற திருகு அந்தத் தட்டையான இடத்தில் வந்து அழுந்தினால் நழுவாது என்பது கணக்கு. பித்தளைத் தகட்டைத் தட்டி இன்னும் மெல்லிசாக்கி, திருகு போக ஓட்டை போட்டு, ஷாஃப்டைச் சுற்றினார். கனமாக இருந்தது, போகவில்லை. இன்னும் தட்டினார். ஆயரின் சட்டையெல்லாம் கறுப்பு. ஒருவழியாகச் சுத்தியலால் தட்டித் தட்டிப் புல்லி ஏறியது. திருகை முடுக்கினார்.

இந்த முறை முதல் வேலையாக நாலு மடிப்புத் தோலை வைத்துத் தைத்தார். நின்றதா? நிற்கவில்லை. கடகடவென்று தைத்துக்கொண்டு போயிற்று. ஆபா அக்காவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "அல்லா!" என்றார். ஆயர், "ஸ்தோத்திரம்" என்றார். அத்தை உள்ளிருந்து, "இப்ப நாத்தம் வரலியே, சாப்பாடு இல்லியா?" என்று கேட்டார்.

எல்லாம் தெரிந்த மேதை, கை வைத்ததெல்லாம் பொன் என்று நான் அக்காவைப் புகழப்போவதில்லை. அந்தப் புல்லி அன்றைக்கே லேசாகத் தள்ளாடியது, இன்றைக்கும் தள்ளாடுகிறது. வந்து பாருங்கள். ஆனால் திங்கட்கிழமை பஸ்ஸில் ஜோடிகள் போயின. வேலை வந்தது. பெரிய மாமா அனுப்பிய ஆட்கள் வாசல் வரை வந்து, உள்ளே மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பலருக்குப் பிடிக்காதது. பெரிய மாமாவின் ஷெட்டில் தைத்த பெண்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக அக்காவைத் தேடி வந்தார்கள். ஒருத்தர் பழைய மிஷின் வாங்கியிருப்பார், மோட்டார் சேராது. இன்னொருத்தருக்கு ஷாஃப்ட் கனம், வேறொருத்தருக்கு ஒல்லி. எல்லாம் அந்தத் துவைக்கிற கல்லின் மேல்தான் சரியானது. முன் அறை தையல், கொல்லை ஒர்க்‌ஷாப் என்று வீடே மாறிவிட்டது. கொல்லைக்குக் கூரை போட்டார், இரும்பைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்ன வைஸ் வாங்கினார், விதவிதமான அரம் வாங்கினார். லேத் கடைக்காரர்கூட ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆபத்தான வேலைக்கா, வுட்டுடுங்க" என்றார். "ஆபத்துன்னு தெரியும். நீ செஞ்சு குடுத்திருந்தா நான் ஏன் செய்யப்போறேன்?" என்று கேட்டு டீ கொடுத்து அனுப்பினார். வந்த பெண்களிடமும் முதலில் வளையலைக் கழற்று, துப்பட்டாவைக் கட்டு என்று அதட்டிவிட்டுத்தான் ஸ்விட்சில் கை வைப்பார். ஷெட்டில் ஆள் கம்மியாகிக்கொண்டே போனது. "குடும்பத் தொழிலைக் கெடுத்தவ" என்று பேசினார்கள். அக்கா கெடுக்கவில்லை. அந்தப் பெண்களுக்கும் சொந்த வீடு இருந்தது, சொந்தக் கை இருந்தது. மோட்டார்தான் சேராமல் இருந்தது.

அத்தையைக் கடைசி வரை அக்காதான் தூக்கி உட்கார வைத்தார், குளிப்பாட்டினார், ஊட்டினார். அந்த வீட்டிலேயே அத்தை கண்ணை மூடினார். எஸ்தரைப் படிக்க வைத்தார். டிகிரி முடித்துவிட்டு எஸ்தர் ஆபீஸ் வேலைக்குப் போவாள் என்று எல்லாரும் நினைத்தோம். கொஞ்ச நாள் போகவும் செய்தாள். பிறகு, "அங்க ஒருத்தர் கீழ ஒருத்தர் நிக்கணும் சித்தி, எனக்கு ஒத்துவரல" என்று மிஷினில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா மகள்தானே.

இப்போது எல்லாரும் எதிர்பார்க்கிற விஷயத்துக்கு வருகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினீர்களே, "அந்த மோட்டாரும் இரும்புத்தூளும்தான் அவளைக் கொன்றது" என்று. அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் பண்ணினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் நேராகவே கேட்டேன். நுரையீரலில் ஒன்றும் இல்லை, இதயத்தின் வால்வு பழுது, பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம் என்றார். இரும்பும் இல்லை, தோலும் இல்லை. அக்கா உழைத்ததால் சாகவில்லை. இதைப் படித்த பிறகும் அப்படிப் பேசுபவர்கள் என்னிடம் நேரில் வந்து பேசலாம்.

கடைசி நாட்களில் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு சாயங்காலம் என்னையும் எஸ்தரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "நான் போய்ட்டா பெரிய ஊட்டுக்குக் கொண்டு போவாங்க. வுடாதீங்க. என் ஊட்லேருந்து எடுங்க" என்றார். நான், "சும்மா இரு, அதெல்லாம் ஒண்ணும் ஆவாது" என்று அதட்டினேன். "ஏய், நான் சொல்றதைக் கேளுடி" என்றார். எனக்கு அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். எழுதும்போதே கண் மறைக்கிறது, ஆனால் இதை எழுதாமல் விடமாட்டேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவின் உடலோடு ஆம்புலன்ஸ் மாதனூர் வரும் முன்பே பெரிய மாமா தன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நாற்காலி போட்டுவிட்டார். "அங்க எடம் ஏது? முன் ரூம் பூரா மிஷினு. ஐஸ் பெட்டி எப்படி வெப்பீங்க? ஜனம் எங்க நிக்கும்? குடும்பத்து மூத்தவன் நான் சொல்றேன், பெரிய ஊட்டுக்குத்தான்" என்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள். நியாயம் மாதிரியும் தெரிந்தது. சிலர் சமாதானமாக, "சரி, மிஷினைத் தூக்கி வெளிய வெச்சுட்டா எடம் வந்துரும்ல" என்றார்கள். இரண்டு பேர் உள்ளே போய் மிஷினின் மேஜையைப் பிடித்தும்விட்டார்கள்.

எஸ்தர் வாசற்படியில் நின்றாள். கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "மிஷின் மேல கை வெக்காதீங்க. அம்மா இங்கதான் வருவாங்க. மிஷினும் இங்கதான் இருக்கும்" என்றாள்.

"பெட்டி உள்ள போவாதும்மா" என்றார் பெரிய மாமா.

"போற வரைக்கும் போவட்டும்."

ஐஸ் பெட்டியின் தலைப்பக்கம் முன் அறைக்குள், மிஷினுக்கு ஒட்டி. கால்பக்கம் வாசற்படியைத் தாண்டி வெளியே, வெயிலில். அதன் மேல் ஆபாவும் சபைப் பெண்களும் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், மாற்றி மாற்றி, அடக்க ஆராதனை முடியும் வரை. ஜனம் தெருவில் நின்றது. அரை நாள் வேலையோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த பெண்கள் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வரிசையில் வந்தார்கள். பெரிய வீட்டுப் பந்தலில் போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. பெரிய மாமாவும் கடைசியில் எழுந்து வந்து தெருவில்தான் நின்றார். அக்கா தன் வீட்டு வாசலிலிருந்துதான் போனார்.

நன்றி சொல்லும் முறைக்கு வருகிறேன். கறுப்பான சட்டையோடு அன்று மாலை ஆராதனைக்குப் போய், யார் கேட்டும் காரணம் சொல்லாத ஆயருக்கு நன்றி. அக்காவின் மருந்துக்கும் மாத்திரைக்கும் என்னைவிட அதிகமாக அலைந்த நசீமா ஆபாவுக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. வெயிலில் புடவை பிடித்த கைகளுக்கு நன்றி. அந்தத் துவைக்கிற கல்லில் ஷாஃப்ட் ராவிக்கொண்டு போய், இன்று அவரவர் வீட்டில் தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லாருக்கும் நன்றி. உங்கள் பெயர்களை இங்கே போட வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. யார் யார் என்று எங்களுக்குத் தெரியும். பெரிய மாமாவுக்கும் நன்றி, மனசாரத்தான் சொல்கிறேன். நீங்கள் வழியை அடைக்காமல் இருந்திருந்தால் அக்கா அரத்தைத் தொட்டிருக்கவே மாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி, பெரிய மாமா. மிஷினை என்ன விலைக்குக் கொடுப்பீர்கள், வீட்டை வாடகைக்கு விடுவீர்களா என்று மூன்றாம் மனிதர் மூலமாகக் கேட்டு அனுப்பியிருந்தீர்கள். பதிலை நேராகச் சொல்ல இன்றுதான் சந்தர்ப்பம் கிடைத்தது, அச்சிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுப்பதற்கில்லை.

முதல் வருஷ நினைவு ஜெபம் முன் அறையில் நடக்கும், நெருக்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். ஜெபம் முடியும் வரை மோட்டார் நின்றிருக்கும். நாளைக் காலை பஸ்ஸுக்கு ஜோடி அனுப்ப வேண்டியிருப்பதால், ஆமென் சொன்னதும் எஸ்தர் ஸ்விட்சைப் போடுவாள். சாப்பாடு தெருவில் பந்தலில் தயாராக இருக்கிறது. சத்தம் பிடிக்காதவர்கள் அங்கே போய்ச் சாப்பிடலாம்.